முற்றத்தில் சொல்லக் கூடாத நாலெழுத்து

தலைவர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "இந்த முற்றத்துக்குள் நான் எந்தப் பட்டத்தோடும் நுழையப் போவதில்லை, என் தாய் எனக்கு வைத்த பெயரோடுதான் நுழையப் போகிறேன்" என்று சொன்ன நிமிஷத்தில், இரண்டாவது வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த தனுஷ்கோடி சடக்கென்று நிமிர்ந்தான். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். தாய் என்றால் தட்டுவான்கள், தமிழ் என்றால் தட்டுவான்கள், மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினாலும் தட்டுவான்கள், இந்த நாலாயிரம் பேருக்கும் வேறு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே தனுஷ்கோடியும் தட்டினான். தட்டுகிற கை தட்டிக்கொண்டிருக்க, தலைக்குள் ஒரே கேள்வி. தாய் வைத்த பெயரா? எவன் எழுதிக் கொடுத்தான் இதை? நேற்று ஒத்திகையில்கூட 'எழுஞாயிறு' என்று பட்டத்தைத்தானே பதிவு செய்து பார்த்தார்கள், திரையில் சூரியன் எல்லாம் சுழன்று வந்ததே. மணி பத்து முப்பத்தைந்து. கட்சியின் சொந்தச் சமூக வலைத்தளம், முற்றம் என்று பெயர், பத்து நாற்பத்தேழுக்குத் திறப்பு. அது என்ன நாற்பத்தேழு என்று பத்திரிகைக்காரன் கேட்டால் தொழில்நுட்பக் காரணம் என்று சொல்லச் சொல்லி சுற்றறிக்கை. தொழில்நுட்பம் திருப்பரங்குன்றத்தில் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருக்கிறது. ஜோசியத்தை எதிர்த்து மூன்று மாநாடு போட்ட கட்சி இது. ஒத்தக்கடை தாண்டி இருக்கிற இந்தக் கல்யாண மண்டபத்தில் நேற்று முகூர்த்தம் நடந்ததாம், பொண்ணு மாப்பிள்ளை உட்கார்ந்த சிவப்பு வெல்வெட் நாற்காலியை எடுக்கக்கூட இல்லை, அதிலேயே தலைவரை உட்கார வைத்திருக்கிறார்கள், பக்கத்து நாற்காலி காலி. பின்னால் சுவரை அடைத்த மாதிரி பெரிய திரை, அதில் 'எவனும் நம்மை நீக்க முடியாத வீடு' என்று தங்க எழுத்து. இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது.

தலைவருக்கு அவர் தாய் வைத்த பெயர் மாயழகு. நமக்கென்ன, கட்சி அட்டையா வாங்கியிருக்கிறோம், நாம் தாராளமாகச் சொல்லலாம். தனுஷ்கோடியால் முடியாது. இருபத்தாறு வருஷமாக அந்த நாலெழுத்து அவன் வாயிலிருந்து வந்ததில்லை. அவன் வாய் என்ன, கட்சியில் எவன் வாயிலிருந்தும் வந்ததில்லை. எழுஞாயிறு, ஐயா, தலைவர், அப்பா என்றுகூட ஒரு கூட்டம். பேர் சொல்லுகிறவன் எதிரி, அவ்வளவுதான் கணக்கு. ஒருநாள் வீட்டில் ராஜாமணி, அவன் சம்சாரம், "மாயழகு வந்தா எனக்கென்ன, வராட்டி எனக்கென்ன, சிலிண்டர் தீர்ந்துபோச்சு, போய்ப் பதிஞ்சிட்டு வாங்க" என்றபோது இவன் முதலில் செய்தது ஜன்னலைச் சாத்தியதுதான். மற்ற தளங்களில் எல்லாம் தலைவரின் கணக்கை முடக்கிவிட்டான்கள், போன ஆடியில். என்னமோ வெறுப்புப் பேச்சாம். அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவனும் கட்சிப் பத்திரிகையில் துணையாசிரியனாக இருந்த இதே தனுஷ்கோடிதான், அது ஒரு தனிக் கூத்து. அன்றைக்கே தலைவர் சபதம் போட்டார், நமக்கென்று ஒரு முற்றம், நம்மை எவனும் வெளியே தள்ள முடியாத முற்றம் என்று. தனுஷ்கோடியைப் பத்திரிகையிலிருந்து எடுத்துச் சொல் கண்காணிப்புப் பொறுப்பாளர் என்று போட்டார்கள். முற்றத்தில் எந்தச் சொல் வரக் கூடாது என்று பட்டியல் போடுகிற வேலை. எதிரிகள் தலைவரை என்னென்ன திட்டுகிறான்கள் என்று நாற்பது நாள் உட்கார்ந்து படித்தான். ஆகா, என்ன ருசியான வேலை. சில வசவுகளைப் படித்துக் கழிப்பறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்திருக்கிறான். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு சொற்கள். அதில் முதல் சொல், எதிரிகள் எல்லாரும் தவறாமல் எழுதுகிற சொல், அந்த நாலெழுத்துதான். அதைப் பட்டியலில் சேர்க்கும்போதுகூட அவன் விரல் தட்டச்சு செய்யவில்லை, ஒரு எதிரியின் பதிவிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டினான். முதல் நூறு சொற்களுக்குக் கடும் குற்றம் என்று பெயர், ஒரு தடவை எழுதினாலே நிரந்தர நீக்கம். பதிவு செய்கிற பெயருக்கும் அதே சட்டம்.

நாற்பது நாள் சோதனை ஓட்டம் நடந்ததே, நானூறு தொண்டர்கள் உள்ளே புகுந்து விளையாடினார்களே, அந்த நாலெழுத்தில் ஒருத்தன் சிக்க வேண்டுமே? ஒருத்தன் சிக்கவில்லை. எழுஞாயிறு பித்தன், எழுஞாயிறு அடிமை, எழுஞாயிறு காலடி, எழுஞாயிறு வெறியன் மேலூர் என்று பதிவு செய்தான்களே தவிர, நானூறு பேரில் ஒரு பயலுக்கும் அந்தப் பெயரை எழுதத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? கேட்டது ஜெசிந்தா ஒருத்திதான். திண்டுக்கல் பொண்ணு, முற்றத்தைக் கட்டிக் கொடுத்த கம்பெனியின் ஆள், கட்சி கிட்சி எதுவும் கிடையாது, லெமன் சாதம் கொண்டுவந்து டிபன் பாக்ஸோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடும். மூணு வாரத்துக்கு முந்தி, டீ வாங்குகிற இடத்தில், "சார், ஒரு டவுட்டு. லிஸ்ட்ல முதல் வார்த்தை அவரோட பேருல்ல? அவரே அந்தப் பேர்ல உள்ள வந்தா தூக்கிரும் சார்" என்றாள். "அவரு எதுக்கும்மா பேர்ல வரப்போறாரு?" "இல்ல சார், பேர்னா பேர்தானே. வேற யாருக்காவது அதே பேர் இருக்கலாம்." "அந்தப் பேர் வச்சவன் மாத்திக்கிட்டு வரட்டும்" என்றான் தனுஷ்கோடி, நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு திருப்தி வேறு. அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்கவில்லை. இருபத்தஞ்சு வயசுக்கு அந்தப் பார்வை ஆகாது. இவளாகவே எடுத்துவிடக் கூடாதா அன்றைக்கே? கூடாது, அதற்கும் ஒரு கதை. பட்டியலில் நாய் என்று ஒரு சொல், அதனால் மேலூரில் நாய்க்குட்டி விற்கிற தொண்டன் ஒருத்தன் நீக்கப்பட்டுவிட்டான், பாவம் என்று இவள் அந்தச் சொல்லை எடுத்துவிட்டாள். அமைப்புச் செயலாளர் கோட்டைச்சாமி வந்து குதித்த குதியில் கூரை பெயராததுதான் மிச்சம். அன்றையிலிருந்து தனுஷ்கோடி எழுத்தில் சரி என்று சொல்லாமல் ஒரு சொல்லைத் தொடக் கூடாது என்று ஆணை. அவள் தொடவில்லை.

எழுந்து போனால் போச்சு. இருபது தப்படி. மேடையின் இடது ஓரத்தில், வாழைமரத்துக்குப் பின்னால் லேப்டாப்போடு நிற்கிறாள், தெரிகிறது, பச்சைச் சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை. ஆனால் தலைவர் பேசிக்கொண்டிருக்கிறாரே. தலைவர் பேசும்போது எழுந்தவன் கதை என்ன ஆயிற்று? சோழவந்தான் பால்ச்சாமி, பதினைந்து வருஷக் கிளைச் செயலாளர், சர்க்கரை வியாதிக்காரன், தாங்க முடியாமல் ஒண்ணுக்குப் போக எழுந்தான், அவ்வளவுதான். அவன் எழுந்தது வீடியோவில் விழுந்துவிட்டது. மறுவாரம் பதவி இல்லை. இன்றைக்கும் அவனுக்கு எழுந்தான்சாமி என்றுதான் பெயர். அவனை நினைத்ததும் தனுஷ்கோடிக்கும் முட்டிக்கொண்டு வந்தது, சே, இது வேறு. பக்கத்தில் பரமக்குடி ஒன்றியச் செயலாளர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு முழங்காலை இவன்மேல் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார், எழுந்தால் அந்த முழங்காலைத் தாண்ட வேண்டும், அதற்கு அடுத்து மகளிரணியின் கொலுசுக் கால்கள் ஏழெட்டு. தாண்டிப் போய்க் கோட்டைச்சாமியிடம் என்ன சொல்வது? தலைவர் பெயர் தடைப் பட்டியலில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். போட்டது யார் என்று கேட்பான். கேட்காமல் விடுவானா. முரட்டுப் பயல், படிப்பு வாசனை இல்லாதவன், ஒரு வாக்கியத்தை ஒழுங்காக முடிக்கத் தெரியாதவன், அவன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நான்தாங்க என்று நிற்க வேண்டும். எழுதத் தெரிந்தவன் எல்லாம் எழுதத் தெரியாதவன் முன்னால் நிற்பதற்குத்தான் கட்சி என்று பெயர். சமையல்கட்டுப் பக்கமிருந்து கத்தரிக்காய் சாம்பார் தாளிக்கிற வாசனை வந்தது. இத்தனை கலவரத்திலும் வாயில் எச்சில் ஊறியது. மணி பத்து முப்பத்தொன்பது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஜெசிந்தாதான். 'சார், பேர்ல வரேன்னு சொல்றாரே. முதல் வார்த்தையை எடுத்துடவா? ஓகே சொல்லுங்க.' வாழைமரத்துக்குப் பின்னாலிருந்து இவனையே பார்க்கிறாள், புருவத்தைத் தூக்கி, எடுக்கவா என்று. நல்ல பொண்ணு. கெட்டிக்காரப் பொண்ணு. ஓகே என்று ரெண்டு எழுத்து, அடித்து அனுப்பினால் விஷயம் முடிந்தது. விரலை வைத்தான். ஓ அடித்தான். அப்புறம் யோசனை வந்தது. பட்டியலில் கை வைத்தால் நாள், மணி, நிமிஷம், யார் சொல்லி என்று எல்லாம் பதிவாகும், வாராவாரம் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அதை உட்கார்ந்து படிக்கும், படிப்பதற்கென்றே மூணு ஓய்வுபெற்ற தாசில்தார்கள். பத்து நாற்பதுக்கு, தனுஷ்கோடி சொல்லி, இன்ன சொல் நீக்கம் என்று இருக்கும். இன்ன சொல் அங்கே எப்படி வந்தது என்று பின்னாலேயே போவான்கள். தலைவர் பெயரை வசவுகளோடு சேர்த்து முதல் வசவாக வைத்தவன் என்று ஆகிவிடும். நாயோடு, பேயோடு, இன்னும் இங்கே எழுத முடியாததோடு. ஓ-வை அழித்தான். அனுப்பவில்லை என்றால்? பழி அவள் தலையில் விழும், லேப்டாப் அவள் கையில்தானே இருக்கிறது. அவளுக்கு என்ன, சின்ன வயசு, வேறு கம்பெனி கிடைக்கும். கிடைக்குமா? ஏன் கிடைக்காது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு. ஆனால் இந்தக் கூட்டம் அவளை லேசில் விடாதே, படத்தைப் போட்டு, ஊரைப் போட்டு, அப்பா பெயரைப் போட்டுக் கிழிப்பான்களே, எப்படிக் கிழிப்பான்கள் என்று இவனுக்குத் தெரியாதா, கிழிப்பதற்கு வசனம் எழுதிக் கொடுத்தவன்தானே. திரும்ப ஓ அடித்தான். சிக்னல் இல்லை, போகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மேலே ரெண்டு கோடு பளிச்சென்று இருந்தது.

அப்புறம்தான் அந்த நல்ல யோசனை வந்தது, வந்ததும் முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொண்டான். இது எங்கே வேலை செய்யப் போகிறது? இந்தக் கட்சியில் எது சொன்னபடி நடந்திருக்கிறது? மாநாட்டுக்குக் கொடி ஏற்றினால் கயிறு அறுந்துவிடும். புறா பறக்கவிட்டால் தரையில் நடக்கும். தலைவர் பிறந்தநாளுக்கு நூறு பேருக்குத் தையல் மெஷின் கொடுத்தான்கள், ஒன்றிலும் ஊசி இல்லை. காலையிலிருந்து பார்க்கிறான், மண்டபத்தில் பாதிப் பேருக்கு முற்றம் இறங்கவேயில்லை, இறங்கினவனுக்கு ஓடிபி வரவில்லை, வந்தவனுக்கு வெள்ளைத் திரை. பரமக்குடிக்காரர் அரைமணி நேரமாக ஒரு வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, "சுத்துதுண்ணே, அழகாச் சுத்துதுண்ணே" என்று சந்தோஷமாக இருக்கிறார். இந்த வட்டம் தலைவருக்கும் சுற்றும். பத்து நிமிஷம் சுற்றும், எதிரிகளின் சதி என்று கோட்டைச்சாமி மைக்கில் கத்துவான், கூட்டம் சதி சதி என்று கத்தும், சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவான்கள். சாயங்காலம் ஜெசிந்தாவை ஓரமாகக் கூப்பிட்டு, யாருக்கும் தெரியாமல், அந்தச் சொல்லை எடுத்துவிடும்மா என்று வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொள்ளலாம். இவன்களுடைய கையாலாகாத்தனத்தின் மேல் தனுஷ்கோடிக்கு இருந்த நம்பிக்கை கடவுள்மேல்கூட இருந்ததில்லை. போனைப் பைக்குள் போட்டான். வாழைமரத்துப் பக்கம் பார்க்காமல் மேற்கூரையைப் பார்த்தான், நேற்றைய கல்யாணத்தின் ஜிகினா ஒன்று அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

பத்து நாற்பத்தேழு. நாகஸ்வரம். தலைவர் வெல்வெட் நாற்காலியில் சாய்ந்து மடியில் ஐபேடை வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒற்றை விரலால் தட்டினார். அவர் தட்டுவதெல்லாம் பெரிய திரையில் தெரிகிறது. போன் நம்பர். ஓடிபி. வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்று, சுற்று என்று தனுஷ்கோடி பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினான், இரண்டு சுற்றுத்தான் சுற்றியது, ஓடிபி வந்துவிட்டது. பெயர் என்று கட்டம். மா. ய. பரமக்குடிக்காரர் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். ழ-வைத் தேடத் தலைவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தக் கொஞ்ச நேரத்தில்கூட ஓகே என்று அனுப்பியிருக்கலாம், கை பைக்குள் போகவே இல்லை. கு. உள்ளே நுழை என்று இருந்த பச்சைப் பொத்தானைத் தொட்டார். கட்சி வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒரு காரியம் சொன்ன நேரத்தில் சொன்னபடி நடந்தது. படார் என்று கதவைச் சாத்துகிற சத்தம் எட்டு ஒலிபெருக்கியிலும் கேட்டது, அந்தச் சத்தம் வேண்டும் என்று கேட்டது கோட்டைச்சாமி. திரை முழுக்கச் சிவப்பு. 'தலைமையை இழிவுபடுத்திய குற்றத்துக்காக நீங்கள் இந்த முற்றத்திலிருந்து நிரந்தரமாக நீக்கப்பட்டீர்கள். இனி எப்போதும் உங்களுக்கு இங்கே இடமில்லை.' தனுஷ்கோடியின் வாக்கியம். இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கிய வாக்கியம். அதைப் பெரிய எழுத்தில் பார்க்கிறபோது, சொல்ல வெட்கம்தான், நன்றாக வந்திருக்கிறது என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. பின்வரிசையில் யாரோ தட்ட ஆரம்பித்தான்கள், இதுவும் நிகழ்ச்சி என்று. மண்டபமே தட்டியது.

கைதட்டல் நிற்க ஒரு நிமிஷம் ஆயிற்று. தலைவர் மடியில் இருப்பதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோட்டைச்சாமி வாழைமரத்துக்குப் பின்னால் பாய்ந்து ஜெசிந்தாவை மேடை நடுவுக்கு இழுத்துவந்தான், கையில் இருந்த மைக்கை அணைக்கக்கூடத் தெரியவில்லை மூதேவிக்கு. "என்னம்மா பண்ணி வச்சிருக்க? எந்த வார்த்தைக்கு இது தள்ளுது? சொல்லு!" நாலாயிரம் பேருக்கும் கேட்டது. அவள் இவனைப் பார்த்தாள். கூப்பிடப் போகிறாள், பெயரைச் சொல்லப் போகிறாள் என்று தனுஷ்கோடி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் சாதாரணமாக, பஸ்ஸில் ஊர்ப் பெயர் சொல்லி டிக்கெட் கேட்கிற மாதிரி, மைக்குக்குக் குனிந்து, "மாயழகு. மாயழகுங்கிற வார்த்தை லிஸ்ட்ல இருக்கு சார். நான் அப்பவே..." என்றாள். மீதி கேட்கவில்லை. மண்டபம் மூச்சை உள்ளே இழுத்தது. தலைவரைத் தலைவர் வீட்டிலிருந்தே துரத்தியதற்குக் கைதட்டிய கூட்டம், அவர் பெயரை ஒரு பொண்ணு வாயால் சொன்னதற்கு அடிவாங்கிய மாதிரி ஆகிவிட்டது. அப்போது ஒரு குரல், அடித்தொண்டையிலிருந்து, அழுகிற மாதிரி, "மரியாதையாப் பேசும்மா! யாரை யாரு பேர் சொல்றது?" என்று கத்தியது. எந்த மடையன் அது என்று தனுஷ்கோடி நினைத்தான். முன்வரிசைத் தலைகள் திரும்பி அவனைப் பார்த்தன. அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான், கை மேடையை நோக்கி நீட்டியபடி இருந்தது. அதற்கப்புறம் மண்டபமே எழுந்தது. "வெளியே போ, வெளியே போ." மகளிரணிக்காரிகள் இரண்டு பேர் அவள் முழங்கையைப் பிடித்துப் படியில் இறக்கினார்கள். அவள் கையில் போன், அதில் இவனுக்கு அனுப்பிய கேள்வி, இவன் படித்துவிட்டதற்கு நீலக் குறி, அதை யாரிடமாவது காட்டத் திரையை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டே போனாள், ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை. வெல்வெட் நாற்காலியிலிருந்து தலைவர் கூட்டத்தைப் பார்த்தார், முதலில் கத்தியது யார் என்று தேடினார், கண்டுபிடித்து, தனுஷ்கோடியைப் பார்த்து மெதுவாக ஒரு தடவை தலையசைத்தார். இருபத்தாறு வருஷத்தில் தலைவர் அவனைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாவிப் பயலுக்குக் கண் கலங்கிவிட்டது.